எங்கள் வீட்டுப் போன் டாக்டரைக் கேட்ட கேள்வி

ஜனவரி ஒன்பதாம் தேதி கிளினிக்கிலிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. தனக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையை அப்பா மறுத்துவிட்டார் என்றும், அவருடைய முடிவைக் கிளினிக் மதிக்கிறது என்றும் அதில் எழுதியிருந்தது.

அப்பா எதையும் மறுக்கவில்லை. ஆறு வாரமாக டாக்டரைப் பார்க்கத்தான் முயன்றுகொண்டிருந்தார். நவம்பர் கடைசியில் அவருக்குக் குரல் கம்மத் தொடங்கியது. கிறிஸ்துமஸ் அன்று ஒரு துண்டு வான்கோழியை வாயில் வைத்து நெடுநேரம் மென்றுவிட்டு, யாரும் பார்க்காதபோது கைக்குட்டையில் துப்பினார். நான் பார்த்தேன். புது வருடத்துக்குப் பிறகு ரொட்டியை விட்டுவிட்டுச் சூப்பும் கஸ்டர்டும் மட்டும் சாப்பிட்டார். ஒரு டாக்டர் அந்தத் தொண்டைக்குள் எட்டிப் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கு ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். எங்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

செவ்வாய், வியாழன்களில் நான் மாலை வகுப்புக்குப் போகிறேன். நடந்ததைத் தேதியோடு, நடந்த வரிசையில் எழுதிப் பழகுங்கள், கருத்துச் சொல்ல அவசரப்படாதீர்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அப்படித்தான் எழுதுகிறேன். எங்கேயோ நான் ஏதோ ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம்.

எங்கள் கிளினிக்கின் விதி எளிமையானது. காலை எட்டு மணிக்குப் போன் செய்ய வேண்டும். எட்டு மணி நான்கு நிமிடத்துக்கெல்லாம் அன்றைய பட்டியல் நிரம்பிவிடும். பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், எட்டரையிலிருந்து மாலை ஆறரைக்குள் ஏதாவது ஒரு நேரத்தில் டாக்டர் நம் வீட்டுக்குப் போன் செய்வார். நான்கு ரிங்குக்குள் நோயாளியே எடுக்க வேண்டும். மூன்று அழைப்புகள் தவறினால் நோயாளி சிகிச்சையை மறுத்துவிட்டதாகப் பொருள். நேரில் பார்ப்பது அவசியமா என்பதை டாக்டர் அந்தப் பேச்சில் முடிவுசெய்வார்.

எங்கள் ஊர் கும்ரீதனில் மொபைல் வேலை செய்யாது. இரண்டு பக்கமும் மலை. ஆகவே எல்லாம் வீட்டுப் போனில்தான். எங்கள் போன் மாடிப்படியின் அடியில், வாசல் நடைச் சுவரில் திருகி வைத்தது. அப்பா படுத்திருப்பது மாடியில், பின்னறையில்.

கடிதம் வந்த அன்று மாலை நான் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளந்தேன். நான்கு ரிங் முடியப் பன்னிரண்டு வினாடி. அப்பா கட்டிலிலிருந்து எழுந்து பதிமூன்று படி இறங்கிப் போனை எடுக்க நாற்பத்தொரு வினாடி.

"இன்னொரு தடவை பாக்கலாம்ப்பா."

"டேய், நான் என்ன பந்தயக் குதிரையா?" என்றார் அப்பா. ஆனாலும் மேலே ஏறிப் போய் மறுபடி இறங்கி வந்தார். முப்பத்தாறு. போனை எடுத்தபின் பேச மூச்சு இல்லை.

கடிதத்துக்கு முன்னால் வந்த முதல் இரண்டு அழைப்புகள் இப்படித் தவறிப் போனவை. அதற்கு அடுத்த முறை அப்பா நாள் முழுவதும் வாசல் நடையிலேயே, கோட்டும் குல்லாயும் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அழைத்தபோது கழிவறையில் இருந்தார். இதை அவமரியாதையாக எழுதவில்லை. நேரம் பன்னிரண்டு பதினேழு. அக்கா லோவ்ரி இரண்டாவது ரிங்கிலேயே ஓடிப்போய் எடுத்தாள்.

"மிஸ்டர் ப்ரோஸரா?" என்றது ஒரு குரல்.

"அவர் பொண்ணு. இருங்க, கூப்பிடறேன். யார் பேசறது?"

"அதைச் சொல்ல இயலாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். போன் திரையில் எண்ணும் இல்லை. கிளினிக் எப்போதும் எண்ணை மறைத்துத்தான் அழைக்கும். அது மூன்றாவது.

கடிதம் வந்த மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு நேராகவே போனேன். கதவில், 'நேரில் வருவதைத் தவிர்க்கவும். உங்களுக்காக நாங்கள் எப்போதும் இங்கே இருக்கிறோம்' என்று ஒரே அட்டையில் எழுதியிருந்தது. காத்திருப்பு அறையில் ஒரு பெரிய செடி இருந்தது. நாற்காலிகள் இல்லை. வரவேற்பு மேசையில் அக்காவோடு பள்ளியில் படித்த நெரிஸ் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கண்ணு, நேர்லயே வந்துட்ட?"

"அப்பாவுக்கு டாக்டரைப் பாக்கணும்."

"அதுக்குப் போன் பண்ணணும்."

"அவரு இங்கதான் நிக்கறாரு."

"தெரியுது கண்ணு. எப்படி இருக்கீங்க எம்ரிஸ் மாமா?"

"நல்லா இருந்தா இங்க எதுக்கும்மா வரேன்?" என்றார் அப்பா. குரல் கதவு உரசுவது போல வந்தது.

நெரிஸுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் டாக்டர் ஃபென்விக் கையில் தேநீர்க் கோப்பையோடு நடந்துபோனார். அப்பா கையை உயர்த்தினார். டாக்டரும் கையை உயர்த்தினார். டாக்டரை அப்பா பார்த்தது அதுதான்.

நிர்வாகி திருமதி ஹெஸ்கெத் வெளியே வந்தார். கோபமாகப் பேசவில்லை. ஒரு குழந்தைக்கு விளக்குவது போலப் பொறுமையாகப் பேசினார்.

"பாருங்க தம்பி. நேர்ல வந்து நிக்கறவங்களை முதல்ல பாத்துட்டா, வீட்டுல படுத்திருக்கிறவங்களுக்கு என்ன நியாயம் சொல்றது? உண்மையிலேயே உடம்பு முடியாதவங்களால நடந்து வர முடியாது. நடந்து வர முடியறவங்களை நான் எப்படி நோயாளின்னு சொல்றது?"

அவர் கையால் காத்திருப்பு அறையைச் சுற்றிக் காட்டினார்.

"முன்னாடியெல்லாம் இந்த இடம் பூரா நோயாளிங்க. இருமல், தும்மல், குழந்தைங்க அழுகை. எங்க ஊழியர்களுக்கு மனசே விட்டுப் போச்சு. இப்ப பாருங்க, என்ன அமைதி. போன வருஷம் மாவட்டத்துலயே சிறந்த காத்திருப்பு அறைன்னு எங்களுக்குப் பரிசு குடுத்தாங்க."

அப்பா செடியைப் பார்த்தார். "இது நல்லா இருக்கு" என்றார்.

"பிளாஸ்டிக்" என்றார் திருமதி ஹெஸ்கெத். "தண்ணி கேக்காது."

அவர் எனக்கு ஒரு படிவம் கொடுத்தார். 'தொலைபேசித் தயார்நிலை இல்லம்' என்று தலைப்பு. வீட்டின் வரைபடம் வரைய வேண்டும். போன்கள் இருக்கும் இடங்களைச் சிவப்பில் குறிக்க வேண்டும். நோயாளி நடமாடும் எந்த இடமும் போனிலிருந்து ஆறு காலடிக்கு மேல் இருக்கக் கூடாது. கழிவறையும் அதில் அடக்கம்.

"ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கிடுங்க" என்றார். "விலை கம்மியா, சாதாரணமானதே போதும். வசதியானவங்களுக்கு மட்டும்னு நாங்க இங்க நடத்தலை."

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கும் கூட்டிப் போனோம். பதினொரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு நர்ஸ் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது ரொம்ப நாளாக இருப்பது, அவசரம் இல்லை, உங்கள் கிளினிக் டாக்டர்தான் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும் என்றாள். அவள் சொன்னது சரிதான். அன்று அங்கே ரத்தம் வழிய நின்றவர்கள் பலர்.

போன் வாங்க டவுனில் மால்டுவின் என்பவருடைய கடைக்குப் போனேன். போகும் முன் வீட்டின் தேவைகளை எழுதிக்கொண்டேன். எங்கள் வீட்டில் போன் சும்மா இருப்பதே இல்லை. அம்மா மெரில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள்; யாராவது வரவில்லையென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அக்கா சமையலறையில் பெண்களுக்கு முடி வெட்டிச் சாயம் பூசுகிறாள். வாடிக்கைக்காரிகள் நேரம் கேட்டுக் கூப்பிடுவார்கள். அவளுடைய மூன்று வயது இரட்டைப் பையன்கள், போன் ஒலித்தால் எடுத்து மூச்சு விடுவார்கள். இவர்களுக்கு நடுவில் எப்போதோ நடந்த கார் விபத்துக்கு இழப்பீடு வாங்கித் தருவதாகச் சொல்லி நாளுக்கு ஆறு அழைப்பு. எங்களிடம் கார் இல்லை.

மால்டுவின் என்னைப் பார்த்ததும், "கிளினிக்குக்கா?" என்றார்.

"ஆமா."

"அந்தப் பக்கம்." ஒரு முழு அலமாரி கார்ட்லெஸ் போன்கள். மேலே கையெழுத்தில் 'டாக்டர்' என்று அட்டை. "வீட்டுல எத்தனை மாடி?"

"ஒரு மாடி. அப்பா மேல படுத்திருக்காரு."

"அப்ப நாலு ஹேண்ட்செட் இருக்கிற செட்டை எடு. ஒண்ணு கட்டிலுக்கு, ஒண்ணு சமையலறைக்கு, ஒண்ணு கழிவறைக்கு."

"நாலாவது?"

"கழிவறைக்குப் போற வழிக்கு" என்றார் மால்டுவின். "சிரிக்காத. பென்ரின் ஊர்ப் பக்கத்து ஆளு ஒருத்தருக்கு அங்கதான் டாக்டர் போன் தவறிப் போச்சு."

ஒரு மணி நேரம் பெட்டிகளை ஒப்பிட்டேன். பாட்டரி எத்தனை மணி நேரம், ஒலி எவ்வளவு சத்தம், சுவர் தாண்டி எவ்வளவு தூரம் என்று கட்டம் போட்டு எழுதினேன். ஐம்பத்தைந்து பவுண்டில் ஒரு செட் எல்லாக் கட்டத்திலும் தேறியது. மலிவான செட்களில் அது ஒன்றுதான் தொல்லை அழைப்புகளையும் தானாகத் தடுத்துவிடும் என்று போட்டிருந்தது.

"காவல்காரன் உள்ளயே உக்காந்திருக்கான்" என்றார் மால்டுவின். "உங்க அக்கா கும்பிடுவா உன்னை."

பெட்டியில் இருந்ததை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறையும் படித்திருக்க வேண்டும்.

பதினாறு மணி நேரம் சார்ஜ் ஏற்றினோம். வரைபடத்தை அனுப்பினேன். கழிவறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று குறிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். குறித்து அனுப்பினேன். ஜனவரி இருபத்திரண்டில் ஒப்புதல் வந்தது. இருபத்து நான்காம் தேதி காலை எட்டு மணிக்கு அம்மா முப்பத்தொரு தடவை எண்ணை அழுத்திப் பட்டியலில் இடம் பிடித்தாள்.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அப்பா ஹேண்ட்செட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். அக்கா தன் வாடிக்கைக்காரிகளிடம் யாரும் போன் செய்யக் கூடாது என்று முன்தினமே சொல்லிவிட்டாள். அவர்கள் நேரம் கேட்க நேரில் வந்தார்கள். பையன்களுக்கு ஆளுக்கொரு பழைய டிவி ரிமோட் கொடுத்தோம். தலையில் சாயமும் வெள்ளித் தாளுமாக ஒரு பெண்மணி சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் பேசவில்லை. எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

போன் ஒலிக்கவில்லை. இரண்டு மணிக்கு ஒலிக்கவில்லை. நான்கு மணிக்கு ஒலிக்கவில்லை. ஆறரைக்கு அம்மா மாடிக்கு வந்து நின்றாள்.

"நல்ல போன்டா" என்றார் அப்பா. "சத்தமே இல்ல."

கடிதம் இருபத்தொன்பதாம் தேதி வந்தது. அம்மா அதைச் சமையலறை மேசையில் வைத்து வாசித்தாள்.

"உங்கள் இல்லத் தொலைபேசி, 24ஆம் தேதி பிற்பகல் 2.40, 2.52, 3.05 ஆகிய நேரங்களில், எங்கள் டாக்டரிடம் 'நீங்கள் யார் என்பதைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்' என்று மூன்று முறை கட்டளையிட்டுள்ளது. எங்கள் ஊழியர்களை அவமதிக்கும் நடத்தையை நாங்கள் எள்ளளவும் பொறுத்துக்கொள்வதில்லை. விசாரணை முடியும் வரை உங்கள் இல்லம் பட்டியலிலிருந்து நிறுத்தி வைக்கப்படுகிறது."

அக்கா கடிதத்தை வாங்கி மறுபடி படித்தாள்.

"யார் சொன்னது அப்படி?" என்றாள் அக்கா. "நான் எடுக்கவே இல்லையே."

"போன் சொல்லியிருக்கு" என்றேன்.

கையேட்டின் முப்பத்து நான்காம் பக்கத்தில் அது இருந்தது. எண்ணை மறைத்து அழைப்பவர் யாராக இருந்தாலும், போன் ஒலிக்காமலேயே, ஒரு பெண் குரலில் பெயர் கேட்கும். பெயர் சொன்னால்தான் வீட்டில் ஒலிக்கும். டாக்டர் பெயர் சொல்லவில்லை. பதினொரு பொத்தான்களை வரிசையாக அழுத்தி அந்த ஏற்பாட்டை நிறுத்தினேன். நான்கு நிமிடம் ஆனது. அதைப் பெட்டியைத் திறந்த அன்றே செய்திருக்கலாம்.

நெரிஸுக்குப் போன் செய்தேன்.

"ஐயோ கண்ணு, அது எங்க கையில இல்ல இப்ப. குழுவுக்குப் போயிடுச்சு. பதிமூணாம் தேதி வா. அதையும் எடுத்துட்டு வா."

"எதை?"

"போனைத்தான். அது தரப்பையும் கேக்கணும்ல?"

பிப்ரவரி பதிமூன்றுக்குள் அப்பா சூப்பையும் விட்டுவிட்டார். பாலில் கரைத்த சத்து மாவும் ஆறிய தேநீரும்தான். அவர் இடுப்பு வாரில் ஆணியால் மூன்று புதுத் துளைகள் போட்டுக் கொடுத்தேன். முப்பது வருடம் பஸ் கராஜில் மெக்கானிக்காக இருந்தவர். துளைகள் ஒரே இடைவெளியில் இல்லை என்று என்னைத் திட்டினார். திட்டுவது காதில் விழக் குனிய வேண்டியிருந்தது.

விசாரணைக்கு அம்மாவும் நானும் போனோம். அந்த அறையில் நாற்காலிகள் இருந்தன. காத்திருப்பு அறையிலிருந்து எடுத்தவையாக இருக்கலாம். நோயாளிகள் குழுவின் தலைவர் மிஸ்டர் லெய்ஷன் நடுவில் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக டாக்டரிடமே போகாதவர். அதனால்தான் நோயாளிகளின் சார்பில் நடுநிலையோடு பேச முடிகிறது என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். ஹேண்ட்செட்டை மேசையில் அவருக்கு எதிரே வைத்தேன். யாரோ அதன் பக்கத்திலும் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தார்கள்.

"இது பேசுமா?" என்றார் லெய்ஷன்.

"எண்ணை மறைச்சுக் கூப்பிட்டா, கூப்பிடறவங்ககிட்ட மட்டும் பேசும். இப்ப அதை நிறுத்திட்டேன்."

"அப்ப நீங்க சொல்லிக் காட்டுங்க. அதே தொனியில."

அம்மா என்னைப் பார்த்தாள். "நீங்கள் யார் என்பதைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்" என்றேன். என்னால் முடிந்த அளவு பெண் குரலில் சொன்னேன்.

"குரலில் வருத்தம் தெரியவில்லை" என்று லெய்ஷன் சொல்ல, ஒருவர் குறித்துக்கொண்டார்.

திருமதி ஹெஸ்கெத் எழுந்தார். "டாக்டர் ஃபென்விக் இருபத்தாறு வருஷமா இந்த ஊருக்கு உழைக்கறாரு. அவரைப் பாத்து நீங்க யாருன்னு கேட்டா அவருக்கு எப்படி இருக்கும்? அன்னிக்கு மூணு மணிக்கு மேல அவர் ஜன்னல்கிட்டயே நின்னாரு. இன்னும் பதினாலு பேர் வீட்டுல காத்துக்கிட்டு இருக்காங்க டாக்டர்னு நானே போய்ச் சொன்னேன். 'நான் யாருன்னே இந்த ஊருக்குத் தெரியலையே ஹெஸ்கெத், நான் யாருக்காகப் போன் பண்ணணும்'னாரு. அந்தப் பதினாலு பேரும் மறுத்துட்டதாத்தான் பதிவு பண்ண வேண்டியதாப் போச்சு. இவ்வளவும் ஒரு போனால."

"நான் டாக்டர்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள் அம்மா.

"முடியாது மிஸஸ் ப்ரோஸர். எதிர்ல யாருன்னு தெரியாம நாங்க பேரைச் சொன்னா, உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லைங்கறது வெளிய தெரிஞ்சிடும்."

"அது ஊருக்கே தெரியுமே."

"தெரியட்டும். எங்க மூலமாத் தெரியல. நாங்க பாதுகாக்கறது அதைத்தான்."

அம்மா ஹேண்ட்செட்டின் பக்கத்திலிருந்த தம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். "அவரால சோறு முழுங்க முடியல" என்றாள். "அதைப் பத்தி யாராவது பேசுவீங்களா இன்னிக்கு?"

"அது மருத்துவ விஷயம்" என்றார் லெய்ஷன், மிகவும் கனிவாக. "இந்தக் குழு அதுல தலையிடறதில்ல."

தீர்ப்பு: மூன்று வாரம் நன்னடத்தைக் காலம். போனின் சார்பில் ஒரு மன்னிப்புக் கடிதம். அதன் பிறகு சோதனை அழைப்பு. மன்னிப்புக் கடிதத்தை நான் எழுதினேன். முதல் கடிதம் திரும்பி வந்தது. அதில் நடந்ததற்கு விளக்கம் இருந்ததாம். விளக்கம் சொல்பவர்கள் வருந்துவதில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். இரண்டாவதில் விளக்கம் எதுவும் எழுதவில்லை.

மார்ச் ஆறாம் தேதி சோதனை அழைப்பு வந்தது. அப்பா முதல் ரிங் முடியும் முன் எடுத்தார். மூன்று வாரமாக அந்த ஹேண்ட்செட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் தூங்கினார். மறுமுனையில் பதிவு செய்த குரல் ஒன்று, 'நன்றி. பேச வேண்டிய அவசியமில்லை' என்று சொல்லி வைத்துவிட்டது.

மறுநாள் லெய்ஷனே வீட்டுக்கு வந்து சான்றிதழ் கொடுத்தார். தங்கத் தரம். பள்ளத்தாக்கிலேயே எங்கள் வீடுதான் அதிவேகமாகப் போனை எடுக்கும் வீடு. கிளினிக் சுவரில் மாட்ட அப்பாவைப் படம் எடுக்க வேண்டும் என்றார்.

"கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க எம்ரிஸ். நோயாளி முகத்துல ஆரோக்கியம் தெரியணும்."

அப்பாவுக்கு அதற்குள் குரல் முழுவதுமாகப் போயிருந்தது. பையன்கள் எழுதி அழித்து விளையாடும் காந்தப் பலகையை எடுத்து எழுதிக் காட்டினார்: 'உன் முகத்தை எடு.'

லெய்ஷன் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார். நகைச்சுவை உணர்வு இருந்தால் எந்த நோயும் பாதி குணம் என்றார்.

அம்மா நாலு நாள் காலை எட்டு மணிக்கு முயன்று, பதினோராம் தேதி பட்டியலில் இடம் பிடித்தாள். குரல் இல்லாத மனிதர் போனில் எப்படிப் பேசுவார் என்று அவளிடம் கேட்டேன்.

"நீ கீழ இன்னொண்ணைப் பிடிச்சுக்க. நீ பேசு" என்றாள். "நாலு வாங்கினோம்ல."

போன் பதினொன்று இருபதுக்கு ஒலித்தது. அப்பா மாடியில் எடுத்தார். நான் சமையலறையில் எடுத்தேன். அக்கா கையில் கத்தரிக்கோலோடு அப்படியே நின்றாள்.

"மிஸ்டர் ப்ரோஸர்?" டாக்டர் ஃபென்விக்கின் குரலை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். களைப்பான, நல்ல குரல்.

அப்பாவின் மூச்சு கேட்டது. ஏதோ உரசும் சத்தம். அவர் முயன்றார்.

"மிஸ்டர் ப்ரோஸர், கேக்குதா?"

"டாக்டர், அவர் லைன்லதான் இருக்காரு" என்றேன். "அவரால பேச முடியல. நான் அவர் பையன்."

"மன்னிக்கணும். நான் நோயாளிகிட்ட மட்டும்தான் பேசலாம். நீங்க பேச அவர் சம்மதிக்கறாரா?"

"சம்மதிக்கறாரு."

"அதை அவர் சொல்லணும்."

அப்பா மேலே கட்டில் சட்டத்தை இரண்டு முறை தட்டினார். எனக்குத் தலைக்கு மேல் தளத்திலும் கேட்டது, போன் வழியாகவும் கேட்டது.

"அது என்ன சத்தம்?"

"அவர் சரின்னு சொல்றாரு டாக்டர்."

"இருக்கலாம். ஆனா என்னால அப்படி எழுத முடியாது." அவர் பெருமூச்சு விட்டார். "பேச முடியாதவங்களுக்குப் போன் சந்திப்பு பொருந்தாது தம்பி. நேர்லதான் பாக்கணும்."

"சரி டாக்டர். எப்ப கூட்டிட்டு வரட்டும்?"

"நேர்ல பாக்கணுமா வேண்டாமாங்கறதைப் போன் சந்திப்புல அவர்கிட்ட பேசித்தான் முடிவு பண்ணணும்."

"அவர் தொண்டையில ஏதோ இருக்கு. அதனாலதான் பேச முடியல. அதுக்காகத்தான் நாங்க நவம்பர்லேருந்து..."

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா நான் இதைக் கேட்டதா ஆகாது." கொஞ்சம் நிறுத்தினார். காகிதம் புரளும் சத்தம். அவர் மோசமான மனிதர் இல்லை. வைத்துவிட மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். "குரல் ரொம்பத் தெளிவா வருது உங்க லைன்ல. மூச்சு விடறது கூடக் கேக்குது. எந்த போன் இது?"

சொன்னேன்.

"விலை கம்மியா?"

"ஐம்பத்தஞ்சு. நாலு ஹேண்ட்செட்."

"நல்லா இருக்கு" என்றார். பிறகு வைத்துவிட்டார். மாடியில் அப்பா வைக்கவில்லை. அவருடைய மூச்சு இன்னும் கொஞ்ச நேரம் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் வைக்கவில்லை.

அந்த அழைப்பு, 'நோயாளி எடுத்தார். எதுவும் கூறவில்லை' என்று பதிவானதாக நெரிஸ் பிறகு அக்காவிடம் சொன்னாளாம்.

மார்ச் பதினைந்தாம் தேதி காலை அப்பாவால் தண்ணீர் விழுங்க முடியவில்லை. உதட்டோரம் திரும்பி வழிந்தது. அக்காவின் வாடிக்கைக்காரி ஒருத்தியின் கணவர் தன் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இந்த முறை எங்களை உட்காரச் சொல்லவில்லை. ஓர் இளம் பெண் டாக்டர் மெல்லிய குழாயை அப்பாவின் மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம்.

பிறகு அம்மாவையும் என்னையும் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனார். நாற்காலிகளைத் தானே இழுத்துப் போட்டார். பார்த்ததைச் சொன்னார். எங்கே இருக்கிறது, எதுவரை பரவியிருக்கிறது, இனி எதைச் செய்ய முடியாது என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். வலி இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியும் என்றார். அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

"நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா..." என்று தொடங்கி அவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

எந்தத் தேதியிலிருந்து தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"போன் வாங்க வேண்டியிருந்துச்சும்மா" என்றாள் அம்மா.

டாக்டர் பேனாவைத் திறந்தார். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எதுவும் எழுதாமல் மூடி வைத்தார்.